பார்த்து எழுதிய இருபத்தைந்து பேர்

"மூணு, மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு, மூணு, ரெண்டு, ஒண்ணு, மூணு" என்று ஜெஸ்லின் டீச்சர் வாசித்தாள். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "மூணு, மூணு, ரெண்டு, மூணு…" நான்காவது தாளில் தனலட்சுமி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ஐந்தாவது தாளை ஜெஸ்லின் பார்க்காமலேயே சொன்னாள், மனப்பாடமான போன் நம்பரைச் சொல்வதுபோல. சரியாகத்தான் இருந்தது.

மணி ஒன்றே முக்கால். அரையாண்டுப் பரீட்சை காலையோடு முடிந்து, பிள்ளைகள் லீவுக்குக் கலைந்து ஒரு மணி நேரமாகியிருந்தது. ஆசிரியர் அறை ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரங்களைப் பனி இடுப்புவரை விழுங்கியிருந்தது. மேஜைமேல் ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவின் நாற்பத்தோரு தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது கேள்வி. போன இரண்டு வாரத்தில் மனசு சோர்ந்திருந்ததா, தூக்கம் வந்ததா, சோறு இறங்கியதா, எதற்கும் ஆகாத ஜென்மம் என்று உன்னைப் பற்றியே தோன்றியதா என்று ஒவ்வொன்றாகப் போய், ஒன்பதாவது கேள்வி செத்துப்போனால் தேவலாம் என்று நினைத்தாயா என்று நேராகவே கேட்கும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம். இல்லவே இல்லை என்றால் சைபர், கிட்டத்தட்ட தினமும் என்றால் மூன்று. கூட்டுத்தொகை இருபதைத் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். ஒன்பதாவதில் சைபரைத் தவிர எது விழுந்தாலும் அன்றைக்கே அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்.

கூட்டுத்தொகை இருபத்திரண்டு. ஒன்பதாவதில் மூன்று. அப்படி இருபத்தாறு தாள்கள், ஒரு கட்டம் பிசகாமல்.

தனலட்சுமி சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருப்பவரின் மகள். நடக்கத் தெரிவதற்கு முன்னால் பேரம் கேட்கத் தெரிந்தவள். முப்பத்து நான்கு வயதுக்குள், சொன்ன விலைக்கு ஒரு பொருள் வாங்கியதாக அவளுக்கு நினைவில்லை. கல்யாண மண்டபத்தைக்கூடக் குறைத்துத்தான் பேசினாள். பிள்ளைகள் தற்கொலையைத் தடுக்கும் இந்த வேலைக்கு ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தபோது அப்பா கேட்டார், "வெல்லம்னா இனிக்கும்னு தெரிஞ்சு வாங்குவாங்க. இதை யாரு கண்ணு வாங்குவாங்க?" யாரும் வாங்கவில்லை. நாலு வருஷமாக மலைப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியர் அறை வாசலில் தாள்கட்டோடு நின்று, எங்க பள்ளிக்கூடத்துல அந்த மாதிரிப் புள்ளைங்களே இல்லீங்களே என்ற ஒரே வசனத்தைப் பல குரல்களில் கேட்டிருக்கிறாள். இந்தப் பள்ளித் தலைமையாசிரியர் வேலுசாமி ஒருவர்தான் கொஞ்சம் இறங்கி வந்தார். கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு, உட்கார்ந்த இடத்திலேயே, அரை மணி நேரம். அதற்குமேல் ஒரு நிமிஷம் கிடையாது. தனலட்சுமி ஒத்துக்கொண்டாள். நல்ல பேரம் என்று நினைத்து உள்ளுக்குள் சந்தோஷப்படவும் செய்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

பரீட்சை பெஞ்சில், பரீட்சை வரிசையில், பரீட்சைக்கு எழுதிய அதே பேனாவோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் கையில் ஒரு தாளைக் கொடுத்தால் அது பரீட்சை. அவள் அப்போது பக்கத்து 'அ' பிரிவில் நின்றிருந்தாள். 'ஆ' பிரிவைப் பார்த்துக்கொண்டது ஜெஸ்லின்.

"நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க டீச்சர்?"

"நீங்க சொல்லச் சொன்னதைத்தான் சொன்னேன் மேடம். யாரும் பாக்க மாட்டாங்க, மனசுல இருக்கறதை எழுதுங்கன்னேன்." ஜெஸ்லின் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள். "அப்புறம்… ஒரு கேள்வியும் விடக்கூடாது, வெளியில இருந்து வந்திருக்காங்க, பள்ளிக்கூட மானத்தை வாங்கிராதீங்கன்னும் சொன்னேன்."

வேலுசாமி சார் தாள்களைப் பார்க்க வந்தார். நல்ல மனுஷர். பள்ளிக்கூடக் கூரை ஒழுகினால் தானே ஏறிப் பார்ப்பவர். இருபத்தாறு என்றதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதென்னங்க கூத்து. காலையில கணக்குப் பரீட்சையில பாத்து எழுதுனானுங்க, மத்தியானம் இதையும் பாத்து எழுதிட்டானுங்க. கேன்சல் பண்ணிருங்க மேடம். லீவு முடிஞ்சு வந்து புதுசா எடுத்துக்கலாம்."

"லீவு பத்து நாளுங்க சார்."

"இருவத்தாறு பேருன்னு மேல போனா என்ன ஆகும் தெரியுங்களா? டிவிக்காரன் வந்து நிப்பான். சரி, உங்களுக்கும் வேணாம் எனக்கும் வேணாம், ரெண்டு மூணுன்னு போட்டு அனுப்பிருங்களேன்."

"சார், பேரத்துல நான் செவ்வாய்ப்பேட்டை. என்கிட்ட வேணாமுங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். பிறகு அவள் கேட்டாள், "பாத்து எழுதுனாங்கன்னே வெச்சுக்குவோம். பாத்து எழுதறதுக்கு மொதல்ல ஒருத்தர் எழுதிருக்கணுமில்லீங்களா?"

வேலுசாமி சாரின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

போன வருஷம் அடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடம். பொன்னுவேல் என்று ஒரு பையன், பத்தாம் வகுப்பு. தாள்களை வாங்கிப் பையில் வைத்து, வேறு மூன்று பள்ளிக்கூடத்துத் தாள்களும் சேரட்டும் என்று காத்திருந்து, பதினொன்றாம் நாள் உட்கார்ந்து கூட்டினாள். அவன் ஆறாம் நாளே போய்விட்டிருந்தான். அவன் தாளில் ஒன்பதாவது கேள்விக்கு மூன்றாம் கட்டத்தில் போட்டிருந்த குறி சின்னதாக, அடக்கமாக, பஸ்ஸில் இடம் கேட்பவன் மாதிரி இருந்தது. அவன் உயிரோடு இருந்த அந்த ஐந்து நாளும் தாள் அவளுடைய பையில், டிபன் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில், சேலம் போய் வந்தது. யாரும் அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எடுத்த தாளைக் கூட்டாமல் அவள் மலை இறங்கியதில்லை.

தாள்களில் பெயர் கிடையாது, வரிசை எண் மட்டும்தான். ஜெஸ்லினிடம் உட்கார்ந்த வரிசைப் படம் இருந்தது. தனலட்சுமி மேஜையை ஒதுக்கச் சொல்லி, தாள்களைத் தரையில் பெஞ்சு பெஞ்சாகப் பரப்பினாள். சந்தையில் எல்லாக் கடையிலும் ஒரே விலை சொன்னால் அப்பா திரும்பி வர மாட்டார். முதலில் அந்த விலையைச் சொன்னவன் யார் என்று தேடிக்கொண்டு போவார். ஒரே மாதிரித் தாள்களுக்குச் சிவப்புப் பேனாவால் மூலையில் புள்ளி வைத்தாள். இடது பக்க வரிசைகள் சுத்தமாக இருந்தன. வலது பக்கம், தரையில் சிந்திய வெல்லப்பாகு ஓடின மாதிரி சிவப்பு பரவியிருந்தது. பின்னால் அகலமாக, முன்னால் வரவரக் குறுகி, இரண்டாவது பெஞ்சில் வந்து முனை நின்றது. அந்தப் பெஞ்சில் இரண்டு பேர்.

"கௌரி" என்றாள் ஜெஸ்லின், மூச்சை விட்டு. "எனக்கு அப்பவே தெரியும். எல்லாப் பரீட்சையிலயும் அவளைப் பாத்துத்தான் மொத்த வகுப்பும் எழுதும். ஃபர்ஸ்ட் ரேங்க்."

"பக்கத்துல?"

"அமலி. அது பாவம், பாத்து எழுதக்கூடத் தெரியாது."

தனலட்சுமியும் அதை நம்பினாள்.

கௌரியின் வீடு ஒண்டிக்கடை என்கிற கடைத்தெருவில். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இருப்பது மலைக்குள் பஸ் கூடப் போகாத ஊர்களில். முதல் ரேங்க் பக்கத்திலேயே இருந்தது ஒரு அதிர்ஷ்டம். பள்ளிக்கூட உதவியாளர் காளியண்ணன் தன் டிவிஎஸ் மொபெட்டில் தனலட்சுமியை ஏற்றிக்கொண்டார். ஐம்பத்தைந்து வயது, இரண்டு ஸ்வெட்டர், தலையில் மங்கி குல்லா.

கௌரியின் அப்பா முருகேசன் காப்பித் தூளும் மிளகும் விற்கிற கடையில், சென்னைக்காரர் ஒருவரிடம் மிளகு எஸ்டேட்டிலிருந்து நேராக வந்தது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். சென்னைக்காரர் நம்பிக்கொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் தனலட்சுமி நின்று வேடிக்கை பார்த்திருப்பாள். கௌரி கடைக்குப் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ்ஸைக் கண்டதும் எழுந்து போனை முதுகுக்குப் பின்னால் வைத்தாள். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். மத்தியானம் தின்ற பஜ்ஜியின் எண்ணெய் உதட்டோரம் இருந்தது. அந்த எண்ணெயைப் பார்த்ததுமே தனலட்சுமிக்குத் தெரிந்துவிட்டது. இவள் இல்லை.

"கண்ணு, மத்தியானம் எழுதுன தாளு. நீயா எழுதுனியா?"

கௌரி அப்பா இருந்த திசையைப் பார்த்தாள். "மிஸ், ஹெட்மாஸ்டர் சார்கிட்டச் சொல்லிருவீங்களா?"

"மாட்டேன்."

"எனக்குத் தெரியலைங்க மிஸ். புஸ்தகத்துல இல்லாத கேள்வி. எது சரின்னே தெரியல. மொதல்ல எல்லாத்துக்கும் சைபர் போடலாம்னு இருந்தேன். சைபரு போட்டா ஃபெயில்தானேங்க?" அவள் பாவாடை நுனியைத் திருகினாள். "அமலி மட்டும் கடகடன்னு எழுதுனா. யோசிக்கவே இல்ல. எந்தப் பரீட்சையிலயும் அவ அப்பிடி எழுதுனதே இல்லீங்க மிஸ். சரி, இது அவளுக்குத் தெரியும் போலன்னு நெனச்சு…"

"அவளைப் பாத்து எழுதிட்டே."

"ஆமாங்க. பின்னாடி இருந்தவங்க என்னையப் பாத்து எழுதிட்டாங்க."

காளியண்ணன் குல்லாவைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"அவ ஒண்ணும் சொல்லலியா, பரீட்சை முடிஞ்சு?" என்றாள் தனலட்சுமி.

"சிரிச்சாளுங்க மிஸ். நீ என்னையப் பாத்தா எழுதறேன்னு கேட்டா. அப்புறம் காம்பஸ் பாக்ஸை எனக்குக் குடுத்துட்டா." கௌரி மூட்டைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள். மூடியில் பட்டாம்பூச்சி ஒட்டியிருந்த தகர டப்பா. உள்ளே கவராயம், பாகைமானி, ஸ்ட்ராபெர்ரி வாசம் அடிக்கும் ரப்பர், இன்னும் ஓரம் தேயாதது. "லீவு முடிஞ்சு குடுத்தர்றேன்னு சொன்னேன். வேணாம் நீயே வெச்சுக்கன்னுட்டா."

தனலட்சுமி அந்த ரப்பரைக் கையில் எடுத்து மறுபடி வைத்தாள். பிடித்த பொருளை ஒரு பிள்ளை காரணமில்லாமல் அடுத்தவருக்குக் கொடுத்தால் நிற்காதே, ஓடு என்று பயிற்சியில் அவளே நூறு ஆசிரியர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது ஒரு சிலைடு காட்டுவாள். அதில் பரிசுப்பெட்டிப் படம் இருக்கும்.

ஜெஸ்லினுக்குப் போன் செய்தாள். அமலி வாழவந்தியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். அம்மா திருப்பூர் பனியன் கம்பெனியில். பதிவேட்டில் இருக்கும் நம்பர் சுவிட்ச் ஆஃப். அமலி ஒரு மணி பஸ்ஸிலேயே போய்விட்டாளாம். சேலத்தில் நிறுவனத்து டாக்டர் ஹேமலதாவுக்குப் போட்டாள். டாக்டர் இரண்டே கேள்வி கேட்டுவிட்டுச் சொன்னார், "போங்க. நேராக் கேளுங்க, சுத்தி வளைக்காதீங்க. பெரியவங்க யாரா இருந்தாலும் அவங்களுக்குத் தெரியணும். தனியா மட்டும் விட்டுராதீங்க. காலையில நான் இருப்பேன், எத்தனை மணியானாலும் கூட்டிட்டு வாங்க."

மொபெட் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே முனகிக்கொண்டு போனது. பத்தடிக்கு முன்னால் சாலை இருக்கிறது என்பது நம்பிக்கையின் பேரில்தான். மிளகுக் கொடி சுற்றிய மரங்கள் பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்து, யார் என்று பார்த்துவிட்டுப் பின்னால் போயின. பழம் பறிக்கிற பெண்களின் பேச்சு மட்டும் எங்கிருந்தோ கேட்டது.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணா."

"ஏனுங்க மேடம், இது வேகமாப் போற வண்டியா இருந்தா இதை நான் எதுக்குங்க வெச்சிருக்கறேன்?" என்றார் காளியண்ணன். ஒரு வளைவு திரும்பினார். "அந்தப் புள்ளைய எனக்குத் தெரியுமுங்க. தண்ணி டேங்க்குகிட்ட தெனமும் தனியா நின்னு சாப்புடும். நான் கேப்பேன், ஏன் சாமி, கூட்டுக்கு ஆளில்லியான்னு. இல்லீங்க மாமா, இங்க வெயில் அடிக்குதுன்னு சொல்லும்." இன்னொரு வளைவு. "அங்க வெயிலே அடிக்காதுங்க மேடம். டேங்க்கு நெழலு."

தனலட்சுமி பொன்னுவேலின் தாளை நினைத்தாள். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் ஒரு சுற்று கூப்பிட்டு முடித்து, மலை உச்சியில் குகைக்குள் இருக்கும் சேர்வராயனிடம் வந்து நின்றாள். நேர்ந்துகொள்வதும் பேரம்தானே, நான் இது தருகிறேன், நீ அது கொடு. வாயைத் திறந்து கேட்டாளே தவிர, தருவதற்கு என்ன இருக்கிறது என்று தோன்றவில்லை. மூன்றே கால் மணிக்கு வாழவந்தி வந்தது.

பெரியம்மா வீடு பூட்டியிருந்தது. வாசலில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கியது, உள்ளே பல்பு இல்லாமல். கொடியில் துணி இல்லை. தனலட்சுமி பூட்டைப் பிடித்து இழுத்தாள். ஜன்னல் கதவைத் தட்டினாள். அமலி, அமலி என்று அவள் கத்தியது அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அம்மா முறத்தோடு வந்தாள். கிருஷ்ணம்மாள், அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் காடு வைத்திருக்கிற குடும்பம்.

"ஏனுங்க இப்பிடிக் கத்தறீங்க? அவ பெரியம்மா மேரியக்கா எஸ்டேட்டுக்குப் பழம் எடுக்கப் போயிருக்குது, அஞ்சரை ஆவும். புள்ளையா? எங்க களத்துல நிக்குது. காப்பி கெளறி உடறேன்னு வந்துச்சு." முறத்தைத் தட்டினாள். "நொம்பப் பொறுப்பான புள்ளைங்க. நேத்தே இருக்கற துணியெல்லாம் தொவச்சுருச்சு, இன்னிக்கு வந்ததும் வராததுமா ஊடு பூரா கழுவி, அதையெல்லாம் மடிச்சு வெச்சுட்டுத்தான் வந்துச்சு. எம்புள்ளையும் இருக்குதே, தின்ன தட்டை எடுக்காது."

தனலட்சுமி ஓடினாள்.

சிமெண்ட் களம். காப்பிப் பழம் பரப்பிக் கிடந்தது, சிவப்பு காய்ந்து கறுப்பாகிக்கொண்டு. நடுவில் பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு பெண் வெறுங்காலைத் தரையோடு தரையாக இழுத்து நடந்தாள். அவள் கால் போன இடத்தில் பழம் விலகி, ஏர் உழுத மாதிரிச் சால் விழுந்தது. களத்தின் ஓரம்வரை போய்த் திரும்பி, பக்கத்தில் இன்னொரு சால். கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது களம். மூச்சு வாங்க நின்ற தனலட்சுமியைப் பார்த்து அவள் நின்றாள். ஒல்லி, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. பதினான்கு வயசு என்று சொல்ல முடியாது.

"மிஸ், மிதிச்சுராதீங்க" என்றாள் அமலி. "செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

தனலட்சுமி செருப்பைக் கழற்றினாள். பழம் காலடியில் ஈரமும் பிசுக்குமாக ஜில்லென்று இருந்தது. அமலியின் பக்கத்தில் போய், அவளோடு சேர்ந்து காலை இழுத்து நடந்தாள். ஒரு சால் முடியும்வரை என்ன கேட்பதென்று தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் சிலைடில் இருந்தது.

"உன் தாளைப் பாத்தேன் கண்ணு."

அமலி நடந்துகொண்டே இருந்தாள்.

"சாகணும்னு தோணுதா சாமி?"

"தோணறதுன்னு இல்லீங்க மிஸ்." ரொம்ப நேரம் யோசித்த மாதிரி இருந்தது. "இருக்கு. காலையில முழிக்கறப்பவே இருக்கு. பள்ளிக்கூடத்துக்கு வந்தா கூட வருது. நீங்க கேட்டிருந்தீங்கல்ல, எத்தனை நாளுன்னு. அப்பத்தான் எண்ணிப் பாத்தேன்."

"இன்னிக்கு?"

களத்தின் ஓரத்தில் திரும்பினார்கள். தனலட்சுமிக்கு வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள். "உன் தாள் மாதிரியே இருவத்தஞ்சு தாள் இருக்கு. உன்னோடதும் சேத்து இருவத்தாறு. எல்லாம் ஒரே மாதிரி."

அமலி நின்றாள். நிமிர்ந்தாள். அந்த முகத்தில் அப்படி ஒன்று இருக்கும் என்று தனலட்சுமி எதிர்பார்க்கவில்லை. இருட்டு அறையில் பக்கத்தில் யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டவள் மாதிரி இருந்தாள்.

"இருவத்தஞ்சு பேருக்குங்களா? எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்குங்களா? கௌரிக்குமா?" குரல் நடுங்கியது. "கவிதாவுக்கு? பிரவீனுக்குமா மிஸ்?"

ஆமாம் என்று சொன்னால் போதும். தராசுத் தட்டு அங்கேயே நின்றது. ஒரே வார்த்தை. மண்டியில் வளர்ந்தவளுக்கு அதைவிடப் பெரிய பொய்யெல்லாம் பல் தேய்ப்பது போல. அந்தப் பிள்ளை இன்றைக்கு ராத்திரி இருபத்தைந்து பேரோடு தூங்கும். லீவு முடிந்து போய், பிரவீனின் தோளில் கை வைத்து உனக்குமாடா என்று கேட்கும். அவன் சிரிப்பான். அதற்கப்புறம் இந்தப் பிள்ளை யாரையும் எதையும் கேட்காது.

"இல்ல கண்ணு. அவங்க பாத்து எழுதிட்டாங்க. கௌரி உன்னையப் பாத்து எழுதுனா. மத்தவங்க அவளைப் பாத்து எழுதுனாங்க."

அமலியின் முகத்தில் ஏறியது அப்படியே இறங்குவதை அவள் பார்த்தாள். பார்க்காமல் திரும்பிக்கொள்ளக் கூடாது என்று பார்த்தாள்.

"என்னையப் பாத்தா" என்றாள் அமலி, சிரிக்கப் போகிறவள் மாதிரி. "அவங்களுக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங்களா."

"உனக்கு இருக்கறது நிஜம். உன் தாளு ஒண்ணுதான் நிஜம். அதுக்குத்தான் வந்தேன். சேலத்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. இதுக்கு மருந்து இருக்கு, பேச்சு இருக்கு, உன்னைய மாதிரி வந்து நல்லா ஆன புள்ளைங்களை நானே பாத்திருக்கேன்."

"செரிங்க மிஸ்" என்றாள் அமலி. கடையில் எதையும் வாங்காமல் போகிறவர்கள் சொல்கிற சரி. தனலட்சுமி அதைப் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். சரிங்க, அப்புறம் வர்றோம் என்பார்கள். வர மாட்டார்கள்.

அவள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்தாள். "பொங்கல் வரைக்கும் எனக்கு டைம் குடு. அது வரைக்கும் ஒண்ணும் பண்ணிக்க மாட்டேன்னு சொல்லு. நான் வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றேன்."

அமலி காலடியைப் பார்த்தாள்.

"பள்ளிக்கூடம் தெறக்கற வரைக்கும். பத்தே நாளு."

"பத்து நாளுங்களா மிஸ்" என்றாள், மலையை ஏறச் சொன்ன மாதிரி.

"நாளன்னிக்குக் கிறிஸ்துமஸ். அது வரைக்கும்."

"கிறிஸ்துமஸுக்கு அம்மா வரலீன்னுட்டாங்க." அதைச் சொன்னபோது மட்டும் குரல் குழந்தையினுடையதாக இருந்தது. கையை விடுவித்துக்கொள்ளவில்லை. இழுக்கவும் இல்லை.

தனலட்சுமியின் வாழ்க்கையில் அவளே விலையைக் குறைத்துக்கொண்டு வந்த பேரம் இது ஒன்றுதான். கீழே, இன்னும் கீழே. "நாளைக்கு" என்றாள். "நாளைக்குக் காலையில. டாக்டரம்மாகிட்ட போற வரைக்கும். நான் ஊட்டுக்குப் போகல, இங்கேயே உங்கூட இருக்கறேன். அவ்வளவுதான் கண்ணு கேக்கறேன்."

பனி களத்தின் அந்த ஓரத்தைத் தொட்டிருந்தது. கிருஷ்ணம்மாள் தோட்டத்து மேட்டில் நின்று குரல் கொடுத்தாள், "அமலி, பனி எறங்குது பாரு, கூட்டி மூடிரு சாமி!" அமலி அந்தத் திசையைப் பார்த்தாள். களத்து மூலையில் நீலப் படுதா மடித்து வைத்திருந்தது, நாலு மூலைக்கும் நாலு கல்லோடு. ராத்திரிப் பனி பட்டால் பழம் பூசணம் பூத்துவிடும். சாயந்தரம் மூடி, காலையில் வெயில் வந்ததும் திறக்க வேண்டும்.

"படுதா எடுக்கற வரைக்கும்னா செரிங்க மிஸ்" என்றாள். "காலையில."

"எத்தனை மணிக்கு எடுப்பீங்க?"

"எட்டாவும். பனி இருந்தா ஒம்பது."

தனலட்சுமி தலையை ஆட்டினாள். அதற்குமேல் ஒரு நிமிஷம் கேட்டாலும் இதுவும் போய்விடும் என்று தெரிந்தது.

கிருஷ்ணம்மாளிடம் போய் ஒளிக்காமல் சொன்னாள். முறம் அவள் கையிலிருந்து மெதுவாக இறங்கியது. "துணியெல்லாம் மடிச்சு வெச்சாளேங்க" என்று மட்டும் இரண்டு தடவை சொன்னாள். பிறகு முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, மேரியக்காவைக் கூட்டிவர எஸ்டேட் பாதையில் இறங்கி ஓட்டமும் நடையுமாகப் போனாள். காளியண்ணன் மொபெட்டைச் சுவரில் சாய்த்துவிட்டுக் களத்து விளிம்பில் குந்தினார். போகச் சொன்னதற்குக் காது கேட்காத மாதிரி இருந்தார். குல்லாவைக் கழற்றி, அமலியைக் கூப்பிட்டு, தலையில் மாட்டிவிட்டார். அது கண்வரை இறங்கியது.

பழத்தைக் கூட்டிக் குவித்தார்கள். படுதாவை விரித்தபோது காற்று அடியில் புகுந்து தூக்கியது. நீலம் இரண்டு பேருக்கும் நடுவில் உப்பி எழுந்து, ஒரு கணம் அமலியை முழுசாக மறைத்தது. தனலட்சுமி தன் மூலையை விடாமல் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் இழுவை இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. சேலத்துக்குப் போகிற கடைசிக்கு முந்தின பஸ் வளைவில் ஹாரன் அடித்து, விளக்கு மட்டும் பனிக்குள் மஞ்சளாகக் கடந்து போயிற்று. படுதா மெல்லத் தணிந்தது. அமலி குனிந்து தன் மூலையில் கல்லை வைத்தாள். எழுந்திருக்காமல், அது நகராமல் இருக்கிறதா என்று ஒரு விரலால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.